‘நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க’

முதியோர் நலம்: வாசகர் கேள்விகளுக்கு முதியோர் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 74 வயது. எங்களோடுதான் இருக்கிறார். எல்லோரிடமும் கலகலப்பாகப் பழகியவர். ஒரு வருடமாக எந்த விசேஷத்துக்குக் கூப்பிட்டாலும் ‘நான் வரலை, நீங்க போயிட்டு வாங்க’ என்கிறார். தோழிகள் வீட்டுக்கும் போவதில்லை. பகல் முழுக்க டி.வி. முன்னால்தான். வயதானால் இப்படித்தானா? கவுன்சலிங் தேவையா? (ஒரு வாசகி)

பதில்: கவுன்சலிங் அப்புறம். முதலில் அம்மா ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போகிறார் என்று கவனியுங்கள்.

சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். ‘அம்மா யாரோடும் ஒட்டுவதே இல்லை’ என்று என்னிடம் அழைத்து வரப்படுகிற பெண்களில் பலருக்கு மனதில் ஒரு குறையும் இருக்காது. இருமினால், தும்மினால், அவசரமாக எழுந்தால் சிறுநீர் கசியும். அதைப் பெற்ற மகளிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரு அம்மாவும் மகளும் வந்திருந்தார்கள். ‘தூக்கம் எப்படிம்மா?’ என்று அம்மாவைக் கேட்டால், ‘நல்லாத் தூங்கறாங்க டாக்டர்’ என்று மகளிடமிருந்து பதில் வரும். எதைக் கேட்டாலும் இதே கதை. பழைய ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி மகளை வெளியே அனுப்பினேன். கதவு சாத்திய பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: ‘ஒருத்தர் வீட்டு நாற்காலியில ஈரமாயிடுச்சு டாக்டர். அவங்க பார்த்தாங்களா இல்லையான்னுகூடத் தெரியாது. அதுக்கப்புறம் எங்கயும் போறதில்லை.’ வெளியே போயே ஆக வேண்டிய நாட்களில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாராம். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும். மலச்சிக்கல் சேர்ந்தால் கசிவு கூடும். எழுந்து நின்றால் தலைசுற்றலும் வரும். போதாததற்கு, பி.பி.க்காகக் காலையில் போடுகிற மாத்திரை சிறுநீரை அதிகம் பிரியவைக்கிற வகை. கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் அது வேலை செய்யும்.

சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று பார்த்தோம். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று அவருடைய பி.பி. டாக்டரிடம் பேசினேன். (நீங்களாக மாற்றிவிடாதீர்கள், கேட்டுத்தான் செய்ய வேண்டும்.) சிறுநீரை அடக்கும்போது எந்தத் தசைகளை இறுக்குகிறோமோ அந்தத் தசைகளுக்கான பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தோம். அது பலன் தர மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். அவருக்குக் கசிவு முழுதாக நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த வீடுகளுக்கு மட்டும் போக ஆரம்பித்தார். அதுவே எனக்குப் பெரிய விஷயம்.

உங்கள் அம்மாவுக்கும் இதே காரணம்தான் என்று சொல்லவில்லை. முழங்காலாக இருக்கலாம். யாருக்கும் தெரியாமல் ஒருமுறை விழுந்து எழுந்து, மறுபடி விழுவோமோ என்ற பயமாக இருக்கலாம். கண்ணில் புரை இருந்தால் எதிரில் வருகிற முகம் மங்கலாகத் தெரியும். யாரென்று புரியாமல் பேசாமல் கடந்து போவார்கள். ‘இப்பல்லாம் கண்டுக்கறதே இல்லை’ என்று பேச்சு வரும். பொய்ப்பல் ஆடுவதால் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. கையில் தனக்கென்று பணம் இல்லாமல், ஆட்டோவுக்குக்கூட மகனிடம் கேட்க வேண்டியிருப்பதும் ஒரு காரணம். அதை எந்த ஸ்கேனும் காட்டாது.

காரணம் எதுவானாலும் சீக்கிரம் கண்டுபிடிப்பது நல்லது. ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2007-இல் வெளியானது. அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவ்வளவு மோசமில்லைதான். ஆனாலும் ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே இருந்தால், போக மனசு வருகிற அன்றைக்குக் கால் ஒத்துழைக்காது.

‘ஏன் வர மாட்டேங்கறீங்க?’ என்று கேட்காதீர்கள். விசாரணை மாதிரி இருக்கும். தனியாக இருக்கும்போது, ‘அங்கே போனா எதும்மா கஷ்டமா இருக்கு?’ என்று கேளுங்கள். பதில் உடனே வராது. கேட்டுவிட்டுக் கையில் இருக்கிற வேலையைப் பாருங்கள், இரண்டு நாள் கழித்துத் தானாக வரும். உடம்பில் எந்தத் தடையும் இல்லை, ஆனால் முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேலாக ஆர்வம் இல்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது டாக்டரிடம் அழைத்துப் போங்கள். வயதுக்கு அது இயல்பு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: தனிமை ஒரு நாளைக்கு 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா, பயமுறுத்தலா? (வாசகர், வயது 31)

பதில்: வாட்ஸ்அப்பில் வருவதில் அடிப்படை உள்ள சிலவற்றில் இது ஒன்று. ஆனால் வழியில் கொஞ்சம் உருமாறிவிட்டது.

2010-இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் என்ற உளவியல் பேராசிரியரும் அவரது குழுவினரும் 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். உறவும் நட்பும் வலுவாக இருந்தவர்கள், அந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் அதிகம் என்று தெரிந்தது. அந்த அளவைப் புகைபிடித்தல், உடல் பருமன் போன்றவற்றின் பாதிப்போடு ஒப்பிட்டார்கள். சிகரெட் கணக்கு அங்கிருந்து வந்ததுதான். ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால் அவர் நுரையீரலில் புகை சேர்கிறது என்று அர்த்தமில்லை! அதே குழு 2015-இல் இன்னொரு அலசல் செய்தது. ஆள் தொடர்பு இல்லாமல் இருப்பது இறப்பு அபாயத்தை 29 சதவீதமும், தனிமை உணர்வு 26 சதவீதமும் கூட்டுவதாக அதில் வந்தது.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. அமெரிக்காவின் அலமீடா மாவட்டத்தில் ஏறக்குறைய 7,000 பேரை ஒன்பது வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 1979-லேயே வெளியானது. நிறையத் தொடர்பு உள்ளவர்களோடு ஒப்பிட்டால், மிகக் குறைவான தொடர்பு உள்ள ஆண்கள் இறக்கும் அபாயம் 2.3 மடங்கு, பெண்களுக்கு 2.8 மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கை, வருடத்துக்கு 8,71,000 இறப்புகளுக்குத் தனிமையோடு தொடர்பு இருப்பதாக மதிப்பிடுகிறது.

‘நோயாளியாக இருப்பதால்தானே தனியாகிறார்கள்?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவும் உண்டு. ஆய்வாளர்கள் ஏற்கெனவே இருந்த நோய்களைக் கணக்கில் எடுத்துக் கழித்துப் பார்த்தாலும் பாதிப்பு முழுவதும் மறைவதில்லை. தனிமை உணர்வு நீடித்தால் தூக்கம் துண்டு துண்டாகிறது, பி.பி. ஏறுகிறது, மன அழுத்தத்துக்கான ஹார்மோன்கள் அடங்காமல் இருக்கின்றன. இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. நான் அதிகம் பார்ப்பது அதைவிடச் சாதாரணமான ஒன்று: பார்ப்பதற்கு ஆள் இல்லை. சுகர் உள்ளவரின் குதிகாலில் புண் வந்தால் அவர் கண்ணுக்கு அது எட்டாது. பேச்சு குழறுவது பேசுகிறவருக்குத் தெரியாது, கேட்கிறவருக்குத்தான் தெரியும். பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். அந்த நிமிடத்தில் ‘என்ன ஒரு மாதிரி பேசறீங்க?’ என்று கேட்க ஒருவர் வேண்டும்.

கேள்வி: எனக்கு 79 வயது. மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு மகன்களும் தினமும் போன் செய்கிறார்கள். ‘சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் யாருமே இல்லாதது போல இருக்கிறது. இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. (ஒரு வாசகர்)

பதில்: ஐயா, வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை. ஜான் காசியோப்போ என்ற அறிஞர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தனிமையை ஆராய்வதில் செலவிட்டவர். தனிமை உணர்வும் பசி போலத்தான் என்பார் அவர். ஒன்று குறைகிறது என்று உடம்பு கொடுக்கிற தகவல். பசிப்பதற்காக யாரும் வெட்கப்படுவதில்லையே.

எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பது ஒரு கணக்கு; எத்தனை பேரிடம் நீங்கள் பேச முடிகிறது என்பது இன்னொரு கணக்கு. முதியவர்களின் தொடர்பை அளக்க ‘லுப்பன் அளவுகோல்’ என்று ஒன்று வைத்திருக்கிறோம், ஆறே கேள்விகள். மாதத்தில் ஒரு முறையாவது பார்க்கிற அல்லது பேசுகிற உறவினர் எத்தனை பேர்? மனம் விட்டுச் சொந்த விஷயம் பேசக்கூடியவர்கள் எத்தனை பேர்? உதவி என்று உரிமையோடு கூப்பிடக்கூடியவர்கள் எத்தனை பேர்? இதே மூன்றையும் நண்பர்களைப் பற்றியும் கேட்போம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 30-க்கு 12-க்குக் கீழே வந்தால் கவனிக்க வேண்டும். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதல் கேள்வியில் உங்களுக்குக் குறையில்லை. இரண்டாவதில்தான் இடிக்கிறது என்று நினைக்கிறேன். மனைவியோடு அந்தப் பேச்சும் போய்விட்டது.

மகன்களின் போனை மாற்ற முடியும், ஆனால் அதை நீங்கள்தான் தொடங்க வேண்டும். ‘சாப்பிட்டாச்சா’ என்பதற்கு ‘ஆச்சு’ என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர்கள் அவசரத்தில் இருக்கிறார்கள், வேறு என்ன கேட்பது என்றும் தெரியவில்லை. பெரும்பாலான மகன்களுக்குத் தெரியாது. அடுத்த போனில் நீங்கள் ஒன்று கேளுங்கள். உங்கள் தொழிலில் நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லி, ‘உன் ஆபீஸ்ல இப்படி வந்தா என்ன பண்ணுவாங்க?’ என்று கேளுங்கள். தினமும் இரண்டு நிமிடம் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் போதும் என்றுகூடச் சொல்லலாம். அப்பாவுக்கு நலன் விசாரிப்பை விடப் பேச்சுத்தான் தேவை என்று நீங்கள் சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

போன் பேச்சைக் குறைவாக எடை போடாதீர்கள். டெக்சாஸில் ஓர் ஆய்வு நடந்தது, 2021-இல் வெளியானது. 240 பேரில் பாதிப் பேருக்கு 17 முதல் 23 வயதுள்ள பிள்ளைகள் நான்கு வாரம் போன் செய்தார்கள். மருத்துவம் படித்தவர்கள் இல்லை, சிறு பயிற்சி மட்டும். எதிர்முனையில் இருப்பவர் எதைப் பேச விரும்புகிறாரோ அதைக் கேட்பதுதான் அவர்கள் வேலை. அழைப்பு வந்தவர்களுக்குத் தனிமை உணர்வும் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்திருந்தன. இதில் எனக்குப் பிடித்த அம்சம், வாரத்துக்கு எத்தனை நாள் என்பதை முதல் வாரத்துக்குப் பிறகு அழைப்பு வந்தவர்களே முடிவு செய்தார்கள்.

இன்னொன்று. உங்களிடம் யாராவது உதவி கேட்டு எவ்வளவு நாளாயிற்று? வயதானவர்களுக்கு எல்லோரும் எல்லாவற்றையும் செய்து கொடுத்துவிடுகிறோம், அவர்களிடமிருந்து எதையும் வாங்கிக்கொள்வதில்லை. அக்கம்பக்கத்தில் ஒரு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா, ஒருவருக்கு மனு எழுதித்தர முடியுமா என்று பாருங்கள். சேவை மனப்பான்மையில் செய்ய வேண்டாம். அவர்கள் நாளைக்கும் வருவார்கள், அதற்காகச் செய்யுங்கள்.

‘போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை’ என்ற எண்ணம் வருகிறதா? கடிதத்தில் இல்லை. இருந்தாலும் கேட்டுவிடுகிறேன். வருகிறது என்றால் இன்றைக்கே ஒரு மகனிடம் அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள், டாக்டரையும் பாருங்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

கேள்வி: 70 வயது அம்மா தனியாக இருக்கிறார். சந்தோஷமாகத்தான் இருக்கிறார். ஆனால் ‘பெற்ற தாயைத் தனியா விட்டுட்டான்’ என்று உறவினர்கள் பேசுகிறார்கள். அழைத்து வந்துவிடட்டுமா? (வாசகர்)

பதில்: உறவினர்களையா, அம்மாவையா?

அம்மாவுக்கு அங்கே தெரிந்த முகங்கள் இருக்கின்றன, நடந்து பழகிய தெரு இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்தால் காலை எட்டரைக்கு எல்லோரும் கிளம்பிய பிறகு நாலு சுவர்தான். அவரையே கேளுங்கள், அவர் சொல்வதைச் செய்யுங்கள். ஒரே ஒரு ஏற்பாடு மட்டும் அவசியம். அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் இன்னொருவருக்குத் தெரியும்? காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் போனோ குறுஞ்செய்தியோ வராவிட்டால் கதவைத் தட்ட ஒருவர், அவரிடம் ஒரு சாவி. இது இருந்தால் போதும்.

கேள்வி: தாத்தாவுக்குக் காது மெஷின் வாங்கிக் கொடுத்தோம். பெட்டியிலேயே கிடக்கிறது. ‘இரைச்சலா இருக்கு’ என்கிறார். வீட்டில் எல்லோரும் பேசும்போது எழுந்து உள்ளே போய்விடுகிறார். (வாசகி, கல்லூரி மாணவி)

பதில்: தாத்தா சொல்வது உண்மை. வயதில் வருகிற காது மந்தம் முதலில் உச்ச ஸ்தாயி ஒலிகளைத்தான் பறிக்கும். உயிரெழுத்துகள் கேட்கும், மெய்யெழுத்துகள் கரைந்துவிடும். ‘கடை’, ‘படை’, ‘தடை’, ‘சடை’ எல்லாம் ஒன்றுபோலக் காதில் விழும். ஒருவர் பேசினால் முகத்தையும் உதட்டையும் பார்த்து ஊகித்துவிடலாம். நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால், கூடவே டி.வி.யும் ஓடினால், அவருக்கு அது வெறும் சத்தம். எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று தெரியாமல் தானும் சிரிப்பார். கொஞ்ச நாளில் அலுத்துப்போய் எழுந்துவிடுவார்.

மெஷினை நேராகக் கூட்டத்தில் போட்டால் யாருக்கும் ஒத்துவராது. வருடக்கணக்கில் கேட்காத மின்விசிறி, பாத்திரச் சத்தமெல்லாம் ஒரேயடியாக உள்ளே வரும். முதலில் அமைதியான அறையில், நீங்கள் ஒருவர் மட்டும் எதிரில் உட்கார்ந்து, ஒரு மணி நேரம். நாள் போகப்போக நேரத்தைக் கூட்டுங்கள். பொருத்திக் கொடுத்தவரிடம் மறுபடி அழைத்துப்போய் அளவைச் சரிசெய்யச் சொல்லுங்கள்; ஒரே தடவையில் சரியாக அமைவது அபூர்வம். அதற்கு முன் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். பேசும்போது கத்தாதீர்கள், கத்தினால் சொல் இன்னும் சிதையும். முகம் தெரிகிற வெளிச்சத்தில், நிதானமாகப் பேசுங்கள். புரியவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். ‘ஒண்ணுமில்ல தாத்தா, விடுங்க’ என்பதை மட்டும் வீட்டில் யாரும் சொல்லக்கூடாது.

இவ்வளவு சிரமப்படக் காரணம் இருக்கிறது. மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களை லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்டது. காது மந்தம் அதில் ஒன்று, ஆள் தொடர்பு இல்லாமை இன்னொன்று. உங்கள் தாத்தாவுக்கு முதலாவது இரண்டாவதைக் கூட்டி வருகிறது. மெஷின் போட்டால் மறதி வராது என்று விளம்பரம் செய்கிறவர்களை நம்ப வேண்டாம். 70 முதல் 84 வயதுள்ள 977 பேரை மூன்று வருடம் கவனித்த ஆய்வு 2023-இல் வந்தது. மொத்தமாகப் பார்த்தால் மெஷின் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே அபாயம் அதிகம் இருந்த பிரிவினருக்கு மட்டும் மெஷினால் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் குறைவது 48 சதவீதம் மட்டுப்பட்டது. மறதியை விடுங்கள், பேரப்பிள்ளைகள் பேசுவது கேட்கும். எனக்கு அதுவே போதுமான காரணம்.

கேள்வி: பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். உதவ ஆசை, ஆனால் தலையிடுவதாக நினைத்துவிடுவாரோ? (வாசகி)

பதில்: உதவி செய்யட்டுமா என்று கேட்காதீர்கள், உதவி கேளுங்கள். ‘நாங்க வெளியே போறோம், பார்சல் வந்தா வாங்கி வைக்கிறீங்களா?’ என்றால் கதவு தானாகத் திறக்கும். பிறகு வாரத்தில் ஒரு நாள், அதே கிழமை, அதே நேரம் எட்டிப் பாருங்கள். தினமும் வருகிறேன் என்று ஆரம்பித்து ஒரு மாதத்தில் நிறுத்துவதை விட இது நல்லது. உங்களுக்காக அவர் தலை வாரிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஏமாற்றாதீர்கள். பகலிலும் வாசல் விளக்கு எரிந்தாலோ, நாளிதழ் எடுக்காமல் கிடந்தாலோ நாகரிகம் பார்க்காமல் கதவைத் தட்டுங்கள்.

கேள்வி: பேசும் கருவிகள், ரோபோ பொம்மைகள் முதியவர்களின் தனிமையைப் போக்குமா? (வாசகர்)

பதில்: மாத்திரை நேரத்தை நினைவூட்ட வாங்கிக் கொடுங்கள். பேசுவதற்கு நீங்கள் போங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது. கணவருக்கு மறதி நோய். ஆறு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அவரை விட்டு நகர முடியவில்லை. சுற்றி எல்லோரும் ‘உன்னைப் போல உண்டா’ என்று பாராட்டுகிறார்கள். ஆனால் யாரும் வருவதில்லை. அவருக்கு பி.பி. சில நாள் 160-ஐத் தாண்டுகிறது, மாத்திரையைத் துப்பிவிடுகிறார். என்ன செய்வது? (ஒரு வாசகி)

பதில்: முதலில் மாத்திரை. விழுங்கச் சிரமமா, பிடிவாதமா என்று டாக்டர் பார்க்க வேண்டும். சில மாத்திரைகளைத் திரவமாகத் தரலாம், சிலவற்றை நிறுத்திவிடவே முடியும். எல்லா மாத்திரைகளையும் பொடி செய்துவிடக் கூடாது, அதனால் கேட்டுச் செய்யுங்கள்.

அடுத்து, பாராட்டுகிறவர்கள். அவர்கள் வராததற்குக் காரணம் பெரும்பாலும் கல்மனசு இல்லை. அவர் அவர்களை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார், வந்து என்ன பேசுவது என்ற தயக்கம். ஆகவே அடுத்த முறை ‘உன்னைப் போல உண்டா’ என்று ஒருவர் ஆரம்பித்தால், ‘வியாழக்கிழமை நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அவரோட உட்கார்ந்திருப்பியா? பழைய பாட்டுப் போட்டாப் போதும், பேச வேண்டாம்’ என்று கேட்டுவிடுங்கள். கிழமை, நேரம், வேலை மூன்றையும் சொல்லிக் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. ‘ஏதாவது உதவி வேணும்னா சொல்லு’ என்று சொல்பவரிடம் ‘வேணும்’ என்று சொல்வதில் என்ன தப்பு? அந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டு வேலை பார்க்காதீர்கள். வெளியே போய், மறதி நோயைப் பற்றிப் பேசாத ஒருவரைப் பாருங்கள். இப்படி நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கான குழுக்கள் பல இடங்களில் இருக்கின்றன. டாக்டரிடமோ அங்குள்ள செவிலியரிடமோ விசாரியுங்கள்.

உங்கள் கணவரின் பி.பி. எவ்வளவு என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களுடையது எவ்வளவு என்று எழுதவில்லை. அவரை அழைத்துப் போகிற அன்று உங்கள் பெயரிலும் ஒரு சீட்டுப் போடுங்கள்.